வயதான சிறிய நாயின் எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கையைப் புரிந்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பத்து வயதைத் தாண்டிய பொமரேனியன், ஸ்பிட்ஸ், பக், டாஷண்ட், லாசா வகை நாய்களை வளர்ப்பவர்கள், பரிசோதனை முடிந்து வீடு திரும்பிய பிறகு கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. உங்கள் நாயைத் தொட்டுப் பார்த்த கால்நடை மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள உதவும்.

அறிக்கையில் ஏழெட்டு உறுப்புகளில் ஏதோ ஒரு குறை எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் நாய்க்கு இத்தனை நோயா?

பெரும்பாலும் இல்லை. படம் பார்ப்பவர் தம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதக் கடமைப்பட்டவர். பன்னிரண்டு வயது நாயின் வயிற்றையும் மார்பையும் முதுகையும் ஒருசேரப் பார்த்தால், எழுத ஒன்றுமே இல்லாமல் போவது அரிது. அறிக்கை இரண்டு பகுதிகளாக இருக்கும். முதலில் ‘ஃபைண்டிங்ஸ்’ என்ற தலைப்பில் கண்டவை அனைத்தும் வரும். கடைசியில் ‘இம்ப்ரெஷன்’ என்ற தலைப்பில், அவற்றுள் எவற்றை மருத்துவர் முக்கியமாகக் கருதுகிறார் என்பது வரும். இரண்டாவது பகுதியை முதலில் படியுங்கள். ‘மைல்ட்’ என்றால் லேசானது, ‘இன்சிடென்டல்’ என்றால் தற்செயலாகக் கண்ணில் பட்டது, ‘அன்ரிமார்க்கபிள்’ என்றால் சொல்லும்படி குறை ஏதும் இல்லை. ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தேவை என்று எழுதியிருந்தால், நாயின் அறிகுறிகளோடும் இரத்தப் பரிசோதனையோடும் பொருத்திப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று பொருள்.

உறுப்பின் வடிவம், அளவு, அடர்த்தி ஆகியவற்றைத்தான் படம் காட்டும். அந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதை அது காட்டாது. ஆகவே அறிக்கையோடு மருத்துவரிடம் உட்காரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தக் குறைக்காக நாயைக் கொண்டுவந்தோமோ அதற்குக் காரணம் இந்தப் பட்டியலில் எது? இவற்றுள் எது சிகிச்சையை மாற்றப் போகிறது? எதைச் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்? இந்த மூன்றிலும் சேராத வரிகளை நினைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எக்ஸ்ரே எடுத்த பிறகும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்களே, ஒன்று போதாதா?

இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை. எலும்பு, நுரையீரல், இதயத்தின் வெளி உருவம், பல வகைச் சிறுநீர்ப்பைக் கற்கள், விழுங்கிய எலும்புத்துண்டு ஆகியவை எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும். ஆனால் கல்லீரலின் உள்ளே கட்டி இருக்கிறதா, பித்தப்பையில் என்ன தேங்கியிருக்கிறது, இதய வால்வு எப்படி மூடுகிறது என்பவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். ஸ்கேனில் பயன்படும் நுண்ணிய ஒலி அலை காற்றைக் கடந்து செல்லாது என்பதால், காற்று நிறைந்த நுரையீரலுக்கு ஸ்கேன் முழுமையாகப் பயன்படாது. வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ எக்ஸ்ரேயில் எல்லாம் ஒரே வெண்மையாகத் தெரியும். அங்கே ஸ்கேன்தான் உதவும்.

எக்ஸ்ரே எதுவானாலும் குறைந்தது இரண்டு கோணங்களில், பக்கவாட்டிலும் மல்லாத்தியோ கவிழ்த்தோ, எடுத்திருக்க வேண்டும். ஒரே படத்தை வைத்துச் சொல்லப்படும் பெரிய முடிவை இரண்டாவது படம் வரும் வரை ஏற்கத் தேவையில்லை.

‘இதயம் பெரிதாக இருக்கிறது, வி.ஹெச்.எஸ். 11’ என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

வி.ஹெச்.எஸ். என்பது இதயத்தை அந்த நாயின் முதுகெலும்புகளைக் கொண்டே அளக்கும் முறை. பக்கவாட்டுப் படத்தில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அந்த இரண்டு நீளங்களையும் மார்பு முதுகெலும்புகளில் நான்காவதின் முன்விளிம்பிலிருந்து வைத்துப் பார்த்து, எத்தனை எலும்புகளின் நீளம் வருகிறது என்று கூட்டுவார்கள். 1995இல் புக்கானன், பூகெலர் ஆகிய இருவர் வெளியிட்ட இந்த முறையில் நலமுள்ள நாய்களின் சராசரி 9.7, பொதுவாக 10.5 வரை இயல்பு என்று கொள்ளப்படுகிறது.

ஆனால் இந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பக், பொமரேனியன் போன்ற இனங்களில் நோயே இல்லாத நாய்க்கும் 10.5ஐத் தாண்டுவது உண்டு. மூச்சை வெளியே விட்ட நேரத்தில் எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தோன்றும். உடல் பருத்த நாய்க்கு இதயத்தைச் சுற்றியுள்ள கொழுப்பும் இதய நிழலோடு சேர்ந்துகொள்ளும். நாய் சற்றுத் திரும்பிப் படுத்திருந்தாலும் அளவு மாறும்.

வயதான சிறிய நாய்களில் மிகுதியாகக் காணப்படும் இதய நோய், மைட்ரல் வால்வு தடித்துச் சரியாக மூடாமல் போவது. இதை முதலில் கண்டுபிடிப்பது எக்ஸ்ரே அன்று. மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்புச் சத்தம். அந்தச் சத்தம் ஆறில் மூன்றாம் நிலையோ அதற்கு மேலோ இருந்து, இதய ஸ்கேனில், அதாவது எக்கோவில், இடது மேலறையும் இடது கீழறையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விரிந்து, எக்ஸ்ரேயிலும் இதயம் பெருத்திருந்தால் அதை ‘பி2’ நிலை என்பார்கள். எக்கோ அறிக்கையில் ‘எல்.ஏ./ஏ.ஓ.’ என்ற விகிதத்தைத் தேடுங்கள்; இடது மேலறையின் அளவை, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அளவோடு ஒப்பிடுவது அது. 1.6ஐ எட்டினால் இடது மேலறை விரிந்திருப்பதாகக் கொள்வர். இந்த நிலையில், மூச்சுத்திணறல் தொடங்கும் முன்பே பைமோபென்டான் மாத்திரை கொடுத்தால் இதயச் செயலிழப்பு சராசரியாகப் பதினைந்து மாதங்கள் வரை தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது. இதயம் பெருக்காமல் சத்தம் மட்டும் உள்ள நாய்க்கு மாத்திரை தேவையில்லை. அதனால்தான் எக்கோவுக்குச் செலவிடும் பணம் வீண் அல்ல என்று சொல்கிறேன்; ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டிய மாத்திரையை இப்போது தொடங்குவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நுரையீரலில் நீர் கோக்காத நாய்க்கு, ‘இதயம் பெரிது’ என்ற ஒரு வரியை வைத்து நீர் மாத்திரை கொடுப்பது சரியன்று; அது சிறுநீரகத்தை வாட்டும். உணவில் உப்பு மிகுந்த அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம்.

வீட்டில் நாங்கள் கவனிக்கக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு, அது எந்தப் படத்துக்கும் குறைந்ததன்று. நாய் ஆழ்ந்து உறங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சு என்று கணக்கிட்டு, முப்பது விநாடிகள் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குக் குறைவாக இருந்தால் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது உடல் சூட்டைத் தணிக்க. அதை எண்ணக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறிக்கடியில் தரையில் உறங்கும்போது எண்ணினால் சரியாக வரும். வழக்கமாக 18 அல்லது 20 இருந்த நாய்க்கு இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து 30ஐத் தாண்டினால், அடுத்த சோதனைத் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். வயிற்றை எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, படுக்க முடியாமல் முழங்கையை விரித்து உட்கார்ந்தாலோ அந்த நேரமே புறப்பட வேண்டும்.

இருமல் இருக்கிறது, இதயமும் பெரிது என்கிறார்கள். அப்படியானால் இருமலுக்குக் காரணம் இதயம்தானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. சிறிய நாய்களில் மூச்சுக்குழாய் தட்டையாகிவிடும் குறை மிகுதி. பொமரேனியனில் இதை அடிக்கடி காண்கிறோம். வாத்து கத்துவதைப் போன்ற வறட்டு இருமல், கழுத்துப்பட்டையை இழுத்தால் அதிகமாவது, ஆள் வந்ததும் உற்சாகத்தில் தொடங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். கழுத்துப் பகுதியில் உள்ள குழாய் மூச்சை இழுக்கும்போதும், மார்புக்குள் உள்ள பகுதி மூச்சை விடும்போதும் சுருங்குகிறது. எக்ஸ்ரே ஒரு கணத்தை மட்டுமே பிடிப்பதால், குழாய் விரிந்திருந்த நேரத்தில் எடுத்த படம் ‘இயல்பு’ என்று வரலாம். இருமும்போது கைப்பேசியில் எடுத்த காணொளியை மருத்துவரிடம் காட்டுவது மிகவும் உதவும்.

கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை, எடைக் குறைப்பு, நாய் உறங்கும் அறையில் கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் இல்லாமை: இந்த மூன்றும் பல நாய்களுக்கு மருந்துக்கு இணையான பலன் தரும்.

‘பிராங்கோ இன்டர்ஸ்டீஷியல் பேட்டர்ன்’ என்றால் நிமோனியாவா?

பெரும்பாலும் இல்லை. மூச்சுக்குழல் சுவர்களும் நுரையீரல் திசுவும் சற்று வெண்மையாகத் தெரிகின்றன என்பதே அதன் பொருள். வயதாலும் பருமனாலும் மூச்சு முழுதாக இழுக்காத நேரத்தில் எடுப்பதாலும் இது வரலாம். காய்ச்சல், சோர்வு, பசியின்மை இருந்தால் தொடர்ந்து ஆராய வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையில் ‘ஹைப்பர்எக்கோயிக்’, ‘ஹைப்போஎக்கோயிக்’ என்று மாறி மாறி வருகிறது. எது நல்லது?

இரண்டும் திரையில் தெரியும் நிறத்தைச் சொல்பவை. முதலாவது வழக்கத்தைவிட வெளுப்பு, இரண்டாவது வழக்கத்தைவிடக் கறுப்பு. ‘அனெக்கோயிக்’ என்றால் முழுக் கறுப்பு. தெளிந்த நீர் அப்படித் தெரியும்.

‘கல்லீரல் பெருத்து வெளுத்திருக்கிறது’ என்ற வரி வயதான நாய்களின் அறிக்கையில் அடிக்கடி வரும். கொழுப்பு, நீரிழிவு, குஷிங் நோய் (உடலில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் மிகுவது) ஆகியவை காரணமாகலாம். நம் பகுதியில் நான் முதலில் கேட்பது, தோல் அரிப்புக்கு எத்தனை முறை ஊசி போட்டீர்கள் என்பதுதான். சொறிக்கும் அரிப்புக்கும் திரும்பத் திரும்பப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசியாலும் மாத்திரையாலும் கல்லீரல் இதே தோற்றத்தை அடையும், இரத்தத்தில் ஏ.எல்.பி. என்ற நொதியும் உயரும். அந்த ஊசிகளின் விவரத்தைச் சொல்லாவிட்டால் ஸ்கேன் செய்பவர் வேறு திசையில் தேடத் தொடங்குவார். ஆனால் ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பித்தப்பையில் ‘ஸ்லட்ஜ்’ இருக்கிறதாம். அறுவை செய்ய வேண்டுமா?

ஸ்லட்ஜ் என்பது அடர்ந்த பித்தத்தின் வண்டல். நாயைத் திருப்பிப் படுக்க வைத்தால் அது நகர்ந்தால், பெரும்பாலும் வயதின் அடையாளம் மட்டுமே, அறுவை வேண்டாம். நகராமல் இறுகி, குறுக்கே வெட்டிய கிவிப் பழம்போல் கோடுகளாகத் தெரிந்தால் அதன் பெயர் ‘மியூக்கோசீல்’. அது வெடிக்கக்கூடியது என்பதால் அறுவையைப் பற்றி உடனே பேச வேண்டும். இந்த ஒரு சொல் அறிக்கையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாந்தியும் கண்வெள்ளையில் மஞ்சளும் சேர்ந்திருந்தால் தாமதிக்கக் கூடாது.

மண்ணீரல் வீங்கியிருக்கிறது, அதில் ஒரு முடிச்சும் தெரிகிறது. புற்றுநோயா?

வீக்கத்தையும் முடிச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மண்ணீரல் முழுதும் சீராகப் பெருத்திருந்தால், நம் ஊரில் முதலில் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. மாடு கட்டிய கொட்டகையும் தெருநாய்ப் போக்குவரத்தும் உள்ள வீட்டில் சிறிய வளர்ப்பு நாயும் தப்புவதில்லை. இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஸ்கேனுக்காகப் போட்ட சில மயக்க மருந்துகளாலும் மண்ணீரல் அந்த நேரத்துக்குப் பெருக்கும். மயக்க மருந்து கொடுக்கப்பட்டதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிச்சு என்றால், வயதான நாய்களில் கெடுதலற்ற முடிச்சுகள் மிகவும் சாதாரணம். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, மண்ணீரலின் விளிம்பை மாற்றாத முடிச்சை ஒன்றிரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் அளப்பது நியாயமான வழி. பெரிதாக, உள்ளே குழிகளோடு, விளிம்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும் கட்டி வேறு. அது உடைந்து வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். நாய் திடீரெனச் சுருண்டு விழுந்து, ஈறு வெளுத்து, வயிறு உப்பினால் அது அவசரநிலை.

சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, ஆனால் கிரியாட்டினின் இயல்பாக இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் உள்ள கழிவு. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு குறைந்த பிறகுதான் அது தெளிவாக ஏறும். சிறுநீரகத்தின் உள், வெளிப் பகுதிகளின் எல்லை மங்கலாகத் தெரிவது நெடுநாள் தேய்மானத்தின் அடையாளம். ஆனால் நோயின் நிலையை ஸ்கேனால் வகுப்பதில்லை. கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம் ஆகியவற்றால்தான் வகுக்கிறார்கள். காலையில் பிடித்த சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, தகவல் அதிகம்.

சிறுநீரகம் சுருங்காமல் வீங்கி வெளுத்து, நாய்க்குக் காய்ச்சலும் வாந்தியும் இருந்தால், எலிக்காய்ச்சலைச் சோதிக்க வேண்டும். மழைக்காலத்தில் வயலிலும் வாய்க்காலிலும் தேங்கும் நீரில் எலிச் சிறுநீர் கலப்பதால் இந்த நோய் டெல்டாவில் புதிதல்ல. மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால், அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள்.

அட்ரினல் சுரப்பி 7 மில்லிமீட்டர் என்கிறார்கள்.

அட்ரினல் என்பது சிறுநீரகத்தை அடுத்துள்ள சிறிய ஹார்மோன் சுரப்பி. பத்துக் கிலோவுக்குக் குறைந்த நாய்க்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன் வரை இயல்பு. தண்ணீர் அதிகம் குடித்து, வயிறு தொங்கி, முடி மெலிந்திருந்தால் குஷிங் நோய்க்கான ஹார்மோன் பரிசோதனை செய்யலாம். இந்த அறிகுறிகள் இல்லாத நாய்க்கு அளவை மட்டும் வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

கருத்தடை செய்யாத பெண் நாய். கருப்பையில் நீர் தெரிகிறது என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். பருவம் வந்து ஒன்றிரண்டு மாதங்களில், வயதான பெண் நாய் சோர்ந்து, தண்ணீர் மிகுதியாகக் குடித்து, உணவை ஒதுக்கினால், கருப்பையில் சீழ் கோத்திருக்கும் ‘பயோமெட்ரா’வை நினைக்க வேண்டும். கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இராது. ஆகவே ‘கசிவு இல்லையே’ என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. ஸ்கேன் இதை நன்றாகக் காட்டும். சலைன் ஏற்றி நாயைத் தேற்றி, கூடுமானவரை அன்றே கருப்பையை அகற்றுவதுதான் உயிர் காக்கும் வழி. ‘பன்னிரண்டு வயதில் மயக்க மருந்து தாங்குமா’ என்ற அச்சம் இயல்பானதே. ஆனால் இந்த நோயில் அறுவையைவிடத் தாமதம்தான் கூடுதல் ஆபத்து.

ஆண் நாய்க்குப் புரோஸ்டேட் வீங்கியிருப்பதாக வந்தால், கருத்தடை செய்யாதவற்றில் அது பெரும்பாலும் வயதின் வீக்கம். விதை நீக்கினால் சில வாரங்களில் சுருங்கும். ஏற்கெனவே விதை நீக்கிய நாய்க்குப் புரோஸ்டேட் பெருத்து உள்ளே சுண்ணாம்பும் தெரிந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் கல் இல்லை என்றார்கள். ஆனாலும் சிறுநீரில் இரத்தம் வருகிறதே?

ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் கற்கள் எக்ஸ்ரேயில் தெரியும். யூரேட், சிஸ்டின் கற்கள் பல நேரங்களில் தெரியாது. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். ஆண் நாய்க்குப் பின்கால்களை முன்னே இழுத்துச் சிறுநீர்த்தாரை முழுதும் தெரியும்படி ஒரு படம் வேண்டும். ஆண்குறி எலும்பின் பின்புறம் சிக்கிய கல் வழக்கமான படத்தில் மறைந்துவிடும். காலைத் தூக்கி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள் வரை விடாதீர்கள்.

முதுகெலும்பில் ‘ஸ்பாண்டிலோசிஸ்’. இதற்காகத்தான் மாடிப்படி ஏற மறுக்கிறதா?

முதுகெலும்புகளின் அடிப்பக்கத்தில் எலும்பு முளைத்து ஒன்றோடொன்று பாலம்போல் இணைவதே ஸ்பாண்டிலோசிஸ். பார்க்க அச்சமூட்டும், ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு இதனால் வலி இல்லை. படிக்கட்டை மறுக்கக் காரணம் முழங்காலோ இடுப்போ முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு விலகலோ பார்வைக் குறையோ ஆகலாம். மருத்துவர் கையால் அழுத்தி எங்கே வலிக்கிறது என்று பார்ப்பதே முதல் சோதனை.

டாஷண்ட் நாய்க்கு வட்டுகளில் சுண்ணாம்பு தெரிவது வட்டு தேய்ந்ததைக் காட்டும்; தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. வேண்டும். பாதம் மடங்கித் தேய்த்து நடந்தால், பின்கால் இழுபட்டால், கிள்ளினாலும் உணராவிட்டால் அன்றே காட்டுங்கள்.

வலிக்கு வீட்டிலுள்ள மனித மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை சிறிய நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கட்டி புற்றுநோயா என்பதை ஸ்கேன் உறுதியாகச் சொல்லுமா?

சொல்லாது. சந்தேகத்தின் அளவை மட்டுமே சொல்லும். ஊசியால் உறிஞ்சிய செல்களையோ வெட்டி எடுத்த திசுவையோ நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியும். மடிக்கட்டிக்கு அறுவை செய்யும் முன் மார்பை இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாத்தி என மூன்று படங்கள் எடுப்பது, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று அறியத்தான். சில மில்லிமீட்டர் அளவே உள்ள முடிச்சு எக்ஸ்ரேயில் தப்பிவிடும் என்பதால், ‘பரவல் தெரியவில்லை’ என்பதைப் ‘பரவவே இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்கேனுக்கு எப்படித் தயாராக வேண்டும்?

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவு கூடாது, தண்ணீர் கொடுக்கலாம். தயிர்சாதமோ மாரி பிஸ்கட்டோ ஒரு வாய் கொடுத்தால்கூட இரைப்பையில் காற்றும் உணவும் சேர்ந்து கல்லீரலையும் கணையத்தையும் மறைக்கும். வீட்டுப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் முதல் நாள் இரவே சொல்லிவையுங்கள். நீரிழிவுக்கு இன்சுலின் போடும் நாயாக இருந்தால் அன்றைய ஊசியைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் நல்லது. உள்ளே போகும் முன் மரத்தடிக்கு அழைத்துப் போகாதீர்கள். வயிற்று முடியை மழிப்பார்கள். எக்ஸ்ரேயின்போது நாயைப் பிடிக்க உங்களை அழைத்தால் ஈய அங்கி கேளுங்கள். கருவுற்ற பெண்கள் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது.

எங்கள் ஊரில் வசதி இல்லை. எங்கே போவது? படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில் ஒரத்தநாட்டில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 2012 முதல் இயங்கி வருகிறது. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று, அன்று ஸ்கேன் உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. தேவைப்பட்டால் பெரும்பாலும் சென்னைக்குத்தான் செல்ல நேரும்.

மனிதர்களுக்கான மையத்தில் எடுத்த படமாக இருந்தால், அதன் அறிக்கையை ஒரு கால்நடை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். நாயின் உறுப்பளவுகள் வேறு. ஃபிலிமைக் குழல்விளக்கில் பிடித்துக் கைப்பேசியில் எடுத்த படத்தில் நுரையீரலின் நுண்ணிய மாற்றங்கள் அழிந்துவிடும். ‘டைகாம்’ கோப்பையே, அதாவது கருவி பதிவு செய்த மூலப் படக்கோப்பையே, பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். படத்தில் நாயின் பெயர், தேதி, இடது வலது குறி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று மையத்தைவிட்டு வெளியேறும் முன் பாருங்கள்.

மறுபடி எப்போது எடுக்க வேண்டும்?

எதைத் தொடர்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெருக்காத இதயத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். பெருத்து மருந்து எடுக்கும் இதயத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நகரும் பித்த வண்டலுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு முறை. சந்தேக முடிச்சுக்கு ஒன்றிரண்டு மாதம். கூடுமானவரை அதே மையத்தில், அதே கோணத்தில் எடுங்கள்; வேறு கருவியில் வேறொருவர் அளந்தால் ஓரிரு மில்லிமீட்டர் மாறுவது இயல்பு, அதைக் கட்டி வளர்ந்ததாக எண்ண வேண்டாம். பழைய படங்கள், இரத்த அறிக்கைகள், இப்போது கொடுக்கும் மாத்திரை அட்டைகள், உறக்க மூச்சைக் குறித்த தாள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.